திமிங்கிலத்தைச் சுருக்குகிறவர்கள்

பெரிய நாவல்களைச் சுருக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று ஒரு கட்சி நம்மிடையே இருக்கிறது. அந்தக் கட்சிக்காரர்கள் கெட்டவர்கள் அல்லர். நாலு பேரைப் படிக்க வைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம் உடையவர்கள்தான். "ஜனங்களுக்கு நேரம் ஏது சார்? அறுநூறு பக்கத்தை யார் புரட்டுவார்கள்? கதையை மட்டும் எடுத்துக் கொடுத்தால் போதாதா?" என்று பரிவோடு கேட்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் காரியங்களைக் கண்டிப்பது சிரமம். ஆனால் நல்ல எண்ணத்தால் விளையும் கேடும் கேடுதானே? ஆகவே கொஞ்சம் உரக்கவே பேச வேண்டியிருக்கிறது.

இந்தக் கட்சியாரின் கத்திக்கு அதிகமாக இரையான நாவல் ஹெர்மன் மெல்வில் எழுதிய 'மோபி டிக்'. 1851-ல் வெளிவந்தது, 135 அத்தியாயங்கள். நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேளுங்கள், கதை ஒப்பிப்பார்கள்: ஒற்றைக்கால் கப்பல் தலைவன் ஒருவன், அவன் காலைத் தின்ற வெள்ளைத் திமிங்கிலம் ஒன்று, பழிவாங்கப் போகிறான், கப்பலோடு அழிகிறான். தீர்ந்தது. நான் பார்த்த சுருக்கப் பதிப்பு ஒன்று எண்பது பக்கத்தில் இதைச் சொல்லி, கடைசிப் பக்கத்தில் 'கோபம் குடியைக் கெடுக்கும்' என்ற தோரணையில் ஒரு நீதியையும் ஒட்டியிருந்தது. அந்த நீதிக்கு ஒரு திமிங்கிலம் எதற்கு? தெருக் குழாயடியில் நடக்கும் சண்டை போதுமே!

சுருக்குகிறவர்கள் எதை வெட்டுகிறார்கள் என்று பாருங்கள். திமிங்கிலங்களின் வகைகளைச் சொல்லும் அத்தியாயம் போயிற்று. எறியீட்டியில் கட்டும் கயிற்றைப் பற்றிய அத்தியாயம் போயிற்று. கொழுப்பை உரிப்பது, அடுப்பில் உருக்குவது, எண்ணெயைப் பீப்பாயில் நிரப்பித் தளத்தைக் கழுவி விடுவது எல்லாம் போயின. "இது கதையா, மீன்வளத் துறையின் அறிக்கையா?" என்று கேட்கிறார்கள். கேட்பதற்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் கேள்வி தப்பு.

கயிற்றையே எடுத்துக்கொள்வோம். அறுபதாவது அத்தியாயம் அது. திமிங்கிலத்தை எறியும் ஈட்டியோடு பிணைத்த கயிறு தொட்டியில் எப்படிச் சுருள் சுருளாக அடுக்கப்படுகிறது, படகின் நீளத்துக்கும் துடுப்புப் போடுகிறவர்களின் உடம்பை ஒட்டி எப்படி ஓடுகிறது, அடிபட்ட மிருகம் பாயும்போது ஒரு சுருள் தவறி விழுந்தால் கையோ தலையோ எப்படிப் போய்விடும் என்று நிதானமாகச் சொல்கிறார். நாம் கொட்டாவி விடுகிறோம். ஆனால் 135-ஆவது அத்தியாயத்தில் கப்பல் தலைவன் சாவது எப்படி? திமிங்கிலம் கடித்தா? இல்லை. அதே கயிற்றின் ஒரு சுருள் கழுத்தில் விழுந்து, கண் மூடித் திறப்பதற்குள் படகிலிருந்து காணாமல் போகிறான். அறுபதாவது அத்தியாயத்தைப் படித்தவனுக்கு அந்த ஒரு வாக்கியம் முதுகுத் தண்டைச் சில்லிட வைக்கும். படிக்காதவனுக்கு அது ஒரு விபத்து. வெட்டியவர் சலிப்பை வெட்டியதாக நினைத்தார். உண்மையில் கதையைத்தான் வெட்டினார்.

வெட்டுவதால் என்ன வரும் என்பதற்கு இந்த நாவலின் சொந்தச் சரித்திரமே சாட்சி. 1851 அக்டோபரில் லண்டனில் மூன்று பாகமாக முதலில் அச்சானபோது, கடைசியில் உள்ள மிகச் சிறிய முடிவுரை அந்தப் பதிப்பில் இல்லாமல் போயிற்று. கப்பல் மூழ்கிய பின் கதைசொல்லி ஒரு சவப்பெட்டியைப் பற்றிக்கொண்டு பிழைத்த விவரம் அதில்தான் இருந்தது. விமர்சகர்கள் சும்மா இருப்பார்களா? எல்லாரும் செத்த பிறகு கதையைச் சொன்னது யார் என்று நையாண்டி செய்தார்கள். ஒரே ஒரு பக்கம்! பிற்பாடு நியூயார்க்கில் முழுசாக வந்தும் நாவல் தலை தூக்கவில்லை. மெல்வில் நியூயார்க் சுங்க இலாகாவில் பத்தொன்பது வருஷம் சோதனை அதிகாரியாக வேலை பார்த்து, 1891-ல் ஏறக்குறைய எல்லாராலும் மறக்கப்பட்டவராய் இறந்தார். 1920-களில்தான் உலகம் அவரைத் தேடி எடுத்தது.

"அதெல்லாம் சரி. அமெரிக்கக்காரன் திமிங்கிலம் பிடித்த கதை, திருநெல்வேலிக்காரனுக்கு எதற்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். இந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுதத் துணிந்தேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். பாளையங்கோட்டையிலும் நாசரேத்திலும் வேதப் புத்தகம் படித்து வளர்ந்தவர்களுக்கு ஆகாப் ராஜா யார், இஸ்மவேல் யார், மீன் விழுங்கிய யோனா யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மெல்விலின் கப்பல் தலைவன் பெயர் ஆகாப். கதை சொல்கிறவன் இஸ்மவேல். கப்பல் ஏறுவதற்கு முன் கேட்கும் பிரசங்கம் யோனாவைப் பற்றியது. நம் பெருமாளையும் அவர் விட்டு வைக்கவில்லை. மச்சாவதாரத்தைச் சொல்லி, விஷ்ணுவையும் திமிங்கிலக்காரர்களின் குலத்திலே சேர்த்துக்கொள்கிறார். இவ்வளவு உறவுக்காரரை நாம் அந்நியர் என்கிறோம்!

இனிப் பெரிய விஷயம். தாமிரபரணி பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. பழைய திருநெல்வேலி ஜில்லாவுக்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே முடிந்துவிடும் ஆறு. ஆற்றைப் பற்றி எழுத நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாபநாசத்து அருவி, குறுக்குத்துறைப் படித்துறை, ஈர வேஷ்டி, வெற்றிலைக் கொடிக்கால், நெல்லையப்பர் தேர், அல்வா. சலிக்காமல் எழுதுகிறோம்; சலிக்காமல் படிக்கிறார்கள். ஆனால் ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் நம் பேனாவில் மை வற்றிவிடுகிறது. ஆறு மேலே போகிறது, நாம் போவதில்லை. கொற்கை என்றால் சங்க காலத்துப் பெருமையாகப் பேசி, முத்தைப் பற்றி நாலு வரி சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். அந்த முத்தை எடுத்தவன் எவ்வளவு நேரம் மூச்சுப் பிடித்தான், அவனுடைய கயிற்றை மேலே யார் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று கேட்டதுண்டா?

கேட்டிருந்தால் மெல்வில் அந்நியர் இல்லை என்பது தெரிந்திருக்கும். முத்துக் குளிக்கிறவன் மச்சானைத்தான் கயிறு பிடிக்கச் சொல்வான் என்பது நம் கரையோரத்தில் வழங்கும் பேச்சு. சொந்த அண்ணன் தம்பிகூடச் சொத்துக்கு ஆசைப்பட்டுக் கயிற்றை விட்டுவிடக்கூடும். தன் தங்கையின் தாலிக்குப் பயந்தாவது மச்சான் விடமாட்டான் என்பது கணக்கு. இந்த ஒரு வழக்கத்துக்குள் கல்யாணம், சொத்து, பயம், நம்பிக்கை எல்லாம் அடங்கியிருக்கின்றன. மெல்விலின் நாவலிலும் ஒரு கயிறு வருகிறது. செத்த திமிங்கிலத்தின் வழுக்கு முதுகில் ஒருவன் நின்று வேலை செய்கிறான், சுற்றிலும் சுறாக்கள். அவன் இடுப்பையும் கப்பலில் நிற்கும் இஸ்மவேலின் இடுப்பையும் ஒரே கயிறு இணைக்கிறது. அவன் விழுந்தால் இவனும் போக வேண்டியதுதான். ஒரு மனிதனின் உயிர் இன்னொருவனின் கவனத்தில் தொங்குகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது. சுருக்குகிறவர்கள் இதையும் 'தொழில் விவரம்' என்று வெட்டிவிட்டார்கள்.

கூலியையும் பாருங்கள். அந்தக் கப்பலில் மாதச் சம்பளம் கிடையாது. கிடைக்கும் லாபத்தில் ஆளுக்கு ஒரு பங்கு. இஸ்மவேலுக்கு 777-ல் ஒரு பங்கு தரப் பார்த்து, வாதாடிக் கடைசியில் 300-ல் ஒரு பங்கு என்று முடிக்கிறார்கள். ஈட்டி எறியத் தெரிந்த அவன் தோழனுக்கு 90-ல் ஒன்று. நம் கரையிலும் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்றுதான் பாடு பிரிகிறது. முதல் தேதி சம்பளக்காரர்களாகிய நமக்கு இது விளங்காமல் போகலாம். மணப்பாட்டுக்காரருக்கு ஒரு நிமிஷத்தில் விளங்கும். அப்படியானால் இந்த நாவல் யாருக்கு அந்நியம்?

திமிங்கிலம் நமக்குப் புதிசும் அல்ல. 1973 ஜனவரியில், பொங்கலையொட்டி, திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினம், மணப்பாடு பக்கத்தில் 147 திமிங்கிலங்கள் கரையேறி மாண்டன. நாற்பத்து மூன்று வருஷம் கழித்து, அதே ஜனவரியில், 2016-ல், அதே கரையில் 80-க்கும் மேற்பட்டவை வந்து ஒதுங்கின. குட்டைத் துடுப்புள்ள பைலட் திமிங்கிலங்கள். கூட்டத்தை விட்டுப் பிரியாத ஜாதி. மீனவர்கள் ராத்திரியென்றும் பாராமல் கடலில் இறங்கினார்கள். தள்ளினார்கள், படகில் கட்டி இழுத்துக்கொண்டு போய் ஆழத்தில் விட்டார்கள். விட்டவற்றில் பல திரும்பவும் கரைக்கே வந்தன. பாதிக்கு மேற்பட்டவை மாண்டன. மண் வாரும் இயந்திரம் வந்து குழி தோண்டிப் புதைத்தது.

நாம் என்ன செய்தோம்? கார் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். செல்போனில் படம் எடுத்தோம். பூகம்பம் வரப் போகிறது என்று ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பினோம். ஒரு வாரத்தில் மறந்தோம்.

அந்த ராத்திரி ஒரு நாவல் நம் வாசலில் வந்து விழுந்து கிடந்தது. அதை எழுத என்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அவ்வளவு கனமான உயிரை ஒரு நாட்டுப்படகு எப்படி இழுக்கும்? கயிற்றை உடம்பில் எந்த இடத்தில் கட்ட வேண்டும்? எவ்வளவு ஆழத்துக்கு மேல் படகைக் கரைக்குக் கொண்டுவரக் கூடாது? அன்றைக்கு வாடைக் காற்றா, கொண்டலா? நீவாடு எந்தப் பக்கம் இழுத்தது? கொண்டுபோய் விட்டது மறுபடி வந்தபோது, இழுத்தவன் மனசில் என்ன ஓடியது? மறுநாள் தொழிலுக்குப் போகாததால் அவன் வீட்டில் உலை வைத்தார்களா? இவற்றில் எதைச் 'சலிப்பான விவரம்' என்று வெட்டுவீர்கள்? வெட்டினால் மிஞ்சுவது, 'ஐயோ பாவம், திமிங்கிலங்கள் செத்தன' என்ற ஒரு வரி. அந்த ஒரு வரிதான் நம்மிடம் இன்றைக்கு இருக்கிறது.

இந்த இடத்தில் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கடலை எழுதினவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. வண்ணநிலவன் மணப்பாட்டைக் களமாக்கிக் 'கடல்புரத்தில்' எழுதினார். உவரியில் பிறந்த ஜோ டி குருஸ் 2004-ல் 'ஆழி சூழ் உலகு' என்றும், 2009-ல் 'கொற்கை' என்றும் இரண்டு பெரிய நாவல்கள் தந்தார். பின்னதற்கு 2013-ல் சாகித்ய அகாதெமிப் பரிசும் கிடைத்தது. ஆனால் அவற்றைப் பற்றி வாசகர்கள் பேசிக்கொண்டதையும் கேட்டிருக்கிறேன். "பேச்சு புரியவில்லை, மீன் பெயர்கள் அதிகம், கொஞ்சம் சுருக்கியிருக்கலாம்." பாருங்கள், அதே கத்தி! லண்டன் தெருப் பெயர்களையும் ருஷ்யாவின் மூன்றடுக்குப் பெயர்களையும் மனப்பாடம் செய்யும் நமக்கு, அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மனிதர் மீனை எப்படி அழைக்கிறார் என்பது புரியவில்லையாம். ஓங்கல் என்று அவர் சொன்னால் விழிக்கிறோம். டால்பின் என்றால் 'ஓகோ' என்கிறோம். ஆவுளியா என்றால் ஏதோ ஒரு மகானின் பெயர் என்று நினைக்கிறோம், அது கடற்பசு. பட்டினப்பாலையைப் பாடமாகப் படித்தவர்களுக்குச் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்ட பரதவரைத் தெரியும். அவர்களுடைய பேரப் பிள்ளைகளை மட்டும் தெரியாது.

எனக்கே நேர்ந்தது ஒன்று. என் நாவல் ஒன்றில், ஒரு கிழவர் திண்ணையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துகிற அத்தியாயம் வருகிறது. கையெழுத்துப் பிரதியைப் படித்த பதிப்பாளர் ஒருவர், மிக அன்பானவர், "இந்த அத்தியாயத்தில் ஒன்றுமே நடக்கவில்லையே, எடுத்துவிடலாமா?" என்றார். "கிழவர் ஒன்பது கண்ணைப் பொத்திவிட்டாரே, அது நடப்பு இல்லையா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நம் நாவல்களில் நடப்பு என்றால் யாராவது யாரையாவது காதலிக்க வேண்டும், அல்லது சாக வேண்டும். மனிதன் தன் ஆயுளில் பெரும் பகுதியைச் செலவிடுவது காதலிலும் சாவிலும் அல்ல, வேலையில். கதாநாயகன் ஆபீசுக்குப் போனான் என்று எழுதிவிட்டு, சாயங்காலம் அவன் திரும்பும்வரை கதையைக் காக்க வைக்கிறோம். ஆபீசுக்குள் அவன் என்ன செய்தான் என்று எந்த நாவலில் படித்தீர்கள்? கடலைத்தான் விட்டோம் என்றில்லை. சொந்த மேஜையைக்கூட விட்டுவிட்டோம்.

ஆகாப்பின் வெறியைப் பற்றிப் பெரிதாகப் பேசுவார்கள். வெறி என்பது ஆகாயத்தில் தொங்குகிற வஸ்து அல்ல. அதற்கு ஒரு கப்பல் வேண்டும், கயிறு வேண்டும், முப்பது பேருக்குச் சோறு வேண்டும், எண்ணெய்க்கு ஒரு சந்தை வேண்டும். இத்தனை நல்ல உழைப்பும் இத்தனை திறமையும் ஒரு மனிதனின் பழிக்கு எப்படிக் கூலி வேலை செய்கின்றன என்பதுதான் அந்த நாவல் காட்டுகிற பயங்கரம். உழைப்பை வெட்டிவிட்டால் வெறி வெறும் நாடக வசனம் ஆகிவிடுகிறது.

சுருக்கத்தில் அடிபட்டுப் போகிற இன்னொருவர் இருக்கிறார். நமக்கு ரொம்ப வேண்டியவர். ஸ்டார்பக் என்ற முதல் உதவித் தலைவர். தெய்வ பக்தி உள்ளவர். ஊரில் மனைவியும் ஒரு மகனும் உண்டு. கணக்கு வழக்கில் நேர்மையானவர். தலைவன் போகிற வழி அழிவு வழி என்று முதலிலேயே அவருக்குத் தெரிகிறது. எண்ணெய்க்காக வந்தோமே தவிரப் பழிக்காக வரவில்லை என்று ஒரு முறை எடுத்தும் சொல்கிறார். ஒரு ராத்திரி ஆகாப் தூங்கும் அறை வாசலில் கையில் துப்பாக்கியோடு நிற்கிறார். இவனை முடித்துவிட்டால் முப்பது பேர் பிழைப்பார்கள். யோசிக்கிறார், யோசிக்கிறார், துப்பாக்கியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விடுகிறார். கொலை செய்யாதது நல்லதுதான். ஆனால் கொலைக்கும் கீழ்ப்படிதலுக்கும் நடுவில் வேறு எத்தனையோ வழிகள் இருந்தன. ஒன்றையும் அவர் கைக்கொள்ளவில்லை. மறுநாள் வழக்கம்போல் உத்தரவுக்குக் கீழ்ப்படிகிறார். கடைசியில் எல்லாரோடும் சேர்ந்து மூழ்குகிறார்.

நான் பார்த்த அந்த எண்பது பக்கப் பதிப்பில் இந்த ராத்திரி இல்லை. இருந்திருந்தால், 'கோபம் கெடுதி' என்ற நீதியோடு புத்தகத்தை மூடியிருக்க முடியாது. ஆகாப்பைப் படித்து, 'நான் அப்படிப்பட்டவன் அல்ல' என்று நிம்மதியாகத் தூங்கலாம். ஸ்டார்பக்கைப் படித்துவிட்டு மாதச் சம்பளக்காரன் எவனும் நிம்மதியாகத் தூங்க முடியாது. தப்பு என்று தெரிந்தும், பெண்டாட்டி பிள்ளையை நினைத்து, பேசாமல் இருந்துவிட்ட நாட்கள் நம் எல்லாருக்கும் உண்டு. சுருக்கம் நம்மிடமிருந்து மறைப்பது திமிங்கிலத்தை அல்ல, நம் முகத்தை.

எதிர்க்கட்சிக்கும் ஒரு பங்கு கொடுத்துவிடுகிறேன். குழந்தைகளுக்காகச் சுருக்குங்கள், நான் குறுக்கே வரவில்லை. அட்டையிலேயே 'குழந்தைகளுக்கான கதை' என்று போடுங்கள். பெரியவனானதும் முழுசாகப் படி என்று உள்ளே ஒரு வரி சேருங்கள். பெரியவர்களுக்கு நேரம் இல்லை என்கிறீர்களே, அதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐந்நூறு நாள் ஓடுகிற டெலிவிஷன் தொடருக்கு நேரம் இருக்கிறது; அதில் மாமியார் ஒரு முறை திரும்பிப் பார்க்க மூன்று நாள் ஆகிறது. பத்து நிமிஷத்தில் ஒரு நாவலை ஒப்பிக்கிற ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு, 'மோபி டிக் தெரியும்' என்கிறோம். பத்து நிமிஷத்தில் ஒருவருடைய ஜாதகத்தைத் தெரிந்துகொள்ளலாம். மனுஷனைத் தெரிந்துகொள்ள முடியாது.

இன்றைக்குத் திமிங்கிலம் நம் பத்திரிகையில் எப்படி வருகிறது? அம்பர் கடத்தல் செய்தியாக வருகிறது. ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் குடலில் உண்டாகிற பொருள்; வாசனைத் திரவியத்துக்காகக் கோடிக் கணக்கில் விலை போகிறது என்கிறார்கள். வைத்திருப்பதும் விற்பதும் 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தூத்துக்குடிப் பக்கத்தில் அடிக்கடி யாராவது பிடிபடுகிறார்கள். நமக்குத் திமிங்கிலத்தைப் பற்றி ஞாபகம் இருப்பது அதன் விலை ஒன்றுதான். மெல்வில் அதற்கும் ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். நோயுற்ற ஒரு மிருகத்தின் குடலிலிருந்து வந்ததைச் சீமாட்டிகள் மேலே பூசிக்கொள்கிறார்களே என்று அதில் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பும் வெட்டுப்பட்ட பக்கங்களில்தான் இருக்கிறது.

மணப்பாட்டில் அந்த ராத்திரி கயிறு பிடித்தவர்களில் பலர் இன்னும் இருக்கிறார்கள். 1973-ல் பார்த்தவர்களுக்குத் தலை நரைத்துவிட்டது. திருநெல்வேலிச் சந்திப்பிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மூன்று மணி நேரம். எழுதுகிறவர்கள் போய்க் கேட்கட்டும். கயிற்றை எங்கே கட்டினீர்கள் என்பதிலிருந்து ஆரம்பிக்கட்டும். எழுதிக்கொண்டு வரும்போது வாசகர்கள் ஒரே ஓர் உபகாரம் செய்தால் போதும்: "கொஞ்சம் சுருக்கியிருக்கலாமே" என்று சொல்லாமல் இருங்கள்.